சிகரெட் புகையும் எலிகளின் விந்தணுவும்: சந்தேகங்களும் விளக்கங்களும்

'சிகரெட் புகை செலுத்தப்பட்ட எலிகளுக்கு விந்தணு குறைந்தது' என்ற வகைச் செய்திகள் சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. எந்த எலி, எவ்வளவு புகை, எத்தனை நாள் என்ற விவரங்கள் அவற்றில் பெரும்பாலும் இருப்பதில்லை. இதனால் ஒரு தரப்பினர் எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதருக்கும் நேரும் என்று அஞ்சுகின்றனர். மற்றொரு தரப்பினர் 'எலிக்குத்தானே' என்று ஒதுக்கிவிடுகின்றனர். பரவலாக எழும் சந்தேகங்களுக்கான விளக்கங்கள் இங்கே:

புகைபிடிக்கும் மனிதர்கள் ஏராளமாக இருக்கும்போது எலிகளை வைத்து ஏன் ஆராய வேண்டும்?

புகைபிடிக்கும் ஒருவருக்கு மது, உடல் பருமன், வெப்பமான வேலையிடம், தூக்கக் குறைவு எனப் பல காரணங்கள் சேர்ந்தே இருக்கலாம். எதனால் விந்தணு குறைந்தது என்று பிரித்தறிவது கடினம். ஆய்வகத்தில் ஒரே வயது, ஒரே இனம், ஒரே தீவனம் கொண்ட எலிகளை இரு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்கு மட்டும் புகை கொடுக்க முடியும். அதோடு, விரையின் உட்பகுதியை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் வேலையை ஆரோக்கியமான மனிதரிடம் செய்ய இயலாது.

எந்த விலங்குகள் பயன்படுத்தப்படுகின்றன?

விஸ்டார், ஸ்ப்ராக்-டாவ்லி ஆகிய எலி இனங்களும் பல வகைச் சுண்டெலிகளும் அதிகம் பயன்படுகின்றன. எலியும் சுண்டெலியும் வேறு வேறு உயிரினங்கள். ஒன்றில் கிடைத்த முடிவு மற்றொன்றுக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. விந்தணு உருவாகும் படிநிலைகள் பாலூட்டிகள் அனைத்திலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதே இவை தேர்ந்தெடுக்கப்படுவதற்குக் காரணம்.

எலி எப்படி சிகரெட் பிடிக்கும்?

எலி பிடிப்பதில்லை, இயந்திரம்தான் பிடிக்கிறது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் முறைப்படி இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, 2 விநாடிகளில், 35 மில்லி லிட்டர் புகையை இழுக்கும். கனடா சுகாதாரத் துறையின் தீவிர முறையிலோ 30 விநாடிக்கு ஒரு முறை 55 மில்லி லிட்டர் இழுக்கப்படும். வடிகட்டியில் உள்ள காற்றுத் துளைகளும் முழுமையாக அடைக்கப்படும். ஒரே சிகரெட்டிலிருந்து இரு முறைகளிலும் கிடைக்கும் புகையின் அளவு வேறுபடும் என்பதால், எந்த முறை என்று குறிப்பிடாத ஆய்வை மற்றொன்றுடன் ஒப்பிட முடியாது.

கடையில் விற்கும் சிகரெட்தானா அது?

பல ஆய்வகங்கள் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகம் தயாரித்து வழங்கும் ஆய்வு சிகரெட்டுகளைப் பயன்படுத்துகின்றன. 3ஆர்4எஃப், 1ஆர்6எஃப் போன்ற எண்களால் குறிக்கப்படும் இவை விற்பனைக்கானவை அல்ல. உலகில் எந்த ஆய்வகத்தில் எரித்தாலும் ஒரே தரத்தில் புகை கிடைக்க வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்படுகின்றன. சில ஆய்வுகளில் உள்ளூர்ச் சந்தை சிகரெட்டுகளும் பயன்படுத்தப்பட்டுள்ளன.

புகை எலியின் உடலுக்குள் எப்படிச் செல்கிறது?

இரு முறைகள் உள்ளன. முதலாவதில், எலிகள் இருக்கும் கூண்டுக்குள்ளேயே புகை நிரப்பப்படும். இரண்டாவதில், எலி ஒரு குழாய்க்குள் வைக்கப்பட்டு அதன் மூக்கு மட்டும் புகையைச் சந்திக்கும். கூண்டு முறையில் புகைத் துகள்கள் ரோமத்தில் படிந்து, எலி தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது வயிற்றுக்குள்ளும் போய்விடுவதால் அளவைத் துல்லியமாகச் சொல்வது சிரமம். குழாய் முறையில் அளவு துல்லியமானது. ஆனால் அடைபட்டுக் கிடப்பதே எலிக்கு மன அழுத்தம் தரும். எனவே புகையின்றி அதே குழாயில் வைக்கப்பட்ட எலிகளுடன்தான் ஒப்பிட வேண்டும்.

எலிக்கு ஒரு நாளைக்கு இரண்டு சிகரெட் என்றால் மனிதருக்கு எத்தனை?

எடை விகிதத்தில் பெருக்கிச் சொல்வது தவறு. எலியின் மூச்சு வேகம், வளர்சிதை மாற்றம் இரண்டும் மனிதரிலிருந்து வேறுபட்டவை. எரிச்சலூட்டும் புகை வந்தால் எலி மூச்சையும் குறைத்துக்கொள்ளும். எனவே நிக்கோடின் சிதைந்து உண்டாகும் கோட்டினின் என்ற பொருளும், கார்பன் மோனாக்சைடு கலந்த ஹீமோகுளோபினும் ரத்தத்தில் எவ்வளவு உள்ளன என்று அளந்து, புகைபிடிப்பவரின் ரத்த அளவுடன் ஒப்பிடுவதே ஏற்கப்பட்ட முறை. இந்த அளவீடு இல்லாத ஆய்வின் 'இத்தனை சிகரெட்டுக்குச் சமம்' என்ற வாசகத்துக்கு மதிப்புக் குறைவு.

எத்தனை நாள் புகை கொடுத்தால் முடிவு நம்பத்தக்கது?

விந்தணு ஒன்று விரையில் உருவாகி முடிய சுண்டெலிக்கு ஏறத்தாழ 35 நாள், எலிக்கு ஏறத்தாழ 52 நாள், மனிதருக்கு ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதன் பிறகு எபிடிடைமிஸ் எனப்படும் சுருள் குழாயில் அது முதிர்வதற்கு மேலும் சில நாள்கள் தேவை. ஆகவே எலிக்கு 10 நாள் மட்டும் புகை கொடுத்துவிட்டு எண்ணிக்கை பார்த்தால், புகைக்கு முன்பே உருவாகத் தொடங்கிய விந்தணுக்களைத்தான் எண்ண நேரிடும். முழுச் சுழற்சியும் அடங்கும்படி எலிகளில் 60 நாளுக்கு மேல் நீடித்த ஆய்வுகளுக்கே கூடுதல் மதிப்பு.

பாதிப்பை எப்படி அளக்கிறார்கள்?

சோதனை முடிந்ததும் எலி கருணைக்கொலை செய்யப்பட்டு, விரைகள் எடை போடப்படும். எபிடிடைமிஸின் வால் பகுதியை 37 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள கரைசலில் சிறிதாக வெட்டிவிட்டால், கொக்கி போல் வளைந்த தலையுடைய எலி விந்தணுக்கள் நீந்தி வெளியே வரும். கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளி விட்டு எண்ணிக்கையும், எத்தனை சதவீதம் நகர்கின்றன என்பதும் பார்க்கப்படும். இயோசின் சாயம் ஏற்றினால் இறந்த விந்தணு இளஞ்சிவப்பாகும், உயிருள்ளது நிறம் ஏற்காது. விரையின் மெல்லிய சீவல்களில் விந்தக நுண்குழல்களின் சுவர் சிதைந்துள்ளதா என்பதும் பார்க்கப்படும்.

இதுவரை தெரிய வந்தது என்ன?

புகை கொடுக்கப்பட்ட எலி, சுண்டெலிகளில் விந்தணு எண்ணிக்கையும் நகரும் திறனும் குறைவது, வடிவக் குறைபாடுள்ளவை கூடுவது, நுண்குழல்களில் செல் அடுக்குகள் மெலிவது ஆகியவை பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. எந்தத் திசையில் மாற்றம் என்பதில் பெரும்பாலும் ஒற்றுமை உண்டு. எவ்வளவு மாற்றம் என்பதில் இல்லை. புகையின் அளவு, நாள், இனம் மாறினால் சதவீதமும் மாறுகிறது. தலைப்புச் செய்திகளில் தனியாக நிற்கும் ஒரு சதவீதத்தை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டியது இதனால்தான்.

புகையில் உள்ள எந்தப் பொருள் காரணம்?

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ 70 புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. விரையைப் பொறுத்தவரை நிக்கோடின், கேட்மியம், பென்சோபைரீன், கார்பன் மோனாக்சைடு ஆகியவை மீதே ஆய்வாளர்களின் சந்தேகம் அதிகம். இவற்றில் கேட்மியம் உப்புகள் எலியின் விரைத் திசுவை அழிக்கும் என்பது 1956-லேயே செக்கோஸ்லோவாக்கிய ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டது. ஆனால் அவர்கள் கேட்மியத்தை ஊசி மூலம் செலுத்தினர். புகையில் வரும் அளவு அதைவிட மிகக் குறைவு.

விந்தணு மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் பாதிக்கப்படுகிறது?

விந்தணுவின் மேலுறையில் நிறைவுறா கொழுப்பு அமிலங்கள் அதிகம். புகை உண்டாக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் இவை விரைவில் சிதையும். முதிர்ந்த விந்தணுவில் செல்திரவம் மிகக் குறைவு என்பதால் அதைத் தடுக்கும் நொதிகளும் குறைவு. உருவாக்கத்தின் இறுதிக் கட்டத்தில் டிஎன்ஏ முறிவைச் சரிசெய்யும் திறனையும் அது இழந்துவிடுகிறது.

ரத்தத்தில் உள்ள நச்சு விரைக்குள் போகாமல் தடுக்க உடலில் ஏற்பாடு இல்லையா?

உண்டு. நுண்குழல்களின் சுவரில் உள்ள செல்கள் நெருக்கமாகப் பின்னிக்கொண்டு, வளரும் விந்தணுக்களை ரத்தத்திலிருந்து பிரித்துவைக்கின்றன. ஆனால் எல்லா விந்தணுக்களுக்கும் மூலமான ஸ்டெம் செல்கள் இந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கின்றன. விதைநெல்லே பழுதாவதைப் போன்ற நிலை இது: ஒரு ஸ்டெம் செல்லில் ஏற்படும் மரபணு மாற்றம் அதிலிருந்து பின்னர் உருவாகும் விந்தணுக்களிலும் தொடரும்.

இதற்குச் சோதனை ஆதாரம் உள்ளதா?

கனடா சுகாதாரத் துறை, மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட சுண்டெலி ஆய்வு இதில் முக்கியமானது. சிகரெட் புகை 6 வாரம் கொடுக்கப்பட்ட ஆண் சுண்டெலிகளின் விந்தணுவில், குறிப்பிட்ட ஒரு டிஎன்ஏ பகுதியின் மாற்ற விகிதம் புகையற்ற குழுவைவிட 1.4 மடங்காகவும், 12 வாரம் கொடுக்கப்பட்டவற்றில் 1.7 மடங்காகவும் இருந்தது. நாள் கூடக் கூட விகிதம் கூடியதால், பாதிப்பு ஸ்டெம் செல்களில் சேர்ந்துகொண்டே போகிறது என்று ஆய்வாளர்கள் கருதினர்.

1.7 மடங்கு என்றால் பிறக்கும் குட்டிகளுக்குக் குறைபாடு 1.7 மடங்கு கூடுமா?

இல்லை. அளக்கப்பட்ட பகுதி, ஒரே எழுத்து வரிசை மீண்டும் மீண்டும் வரும் டிஎன்ஏ பகுதி. அது புரதம் எதையும் உருவாக்குவதில்லை, எளிதில் மாறக்கூடியது என்பதால் அளவுகோலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கு மாற்றம் கூடியிருப்பது விந்தணுவின் டிஎன்ஏ பாதிக்கப்படுகிறது என்பதற்கான அறிகுறி மட்டுமே.

அருகில் இருந்து புகையைச் சுவாசிப்பவருக்கும் இது பொருந்துமா?

2011-ல் வெளியான சுண்டெலி ஆய்வு ஒன்று, சிகரெட்டின் எரியும் முனையிலிருந்து கிளம்பும் பக்கவாட்டுப் புகையும் விந்தணுவில் அதே வகை மரபணு மாற்றத்தை உண்டாக்குவதைக் காட்டியது. எலும்பு மஜ்ஜை, ரத்த செல்களில் பாதிப்பைக் கூட்டாத அளவே விந்தணுவில் மாற்றத்தைக் கூட்டியது என்பது கவனத்துக்குரியது. பிறர் சுவாசிக்க நேரும் புகையில் பெரும்பகுதி இந்தப் பக்கவாட்டுப் புகையே. இந்தியாவில் பொது இடங்களில் புகைபிடிக்க 2008 அக்டோபர் 2 முதல் தடை நடைமுறையில் உள்ளது, மீறினால் ரூ.200 வரை அபராதம்.

டெஸ்டோஸ்டிரோன் குறையுமா?

நிக்கோடின் கொடுக்கப்பட்ட எலிகளில் டெஸ்டோஸ்டிரோன் குறைந்ததாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. மனிதர்களிடமோ நேர்மாறாக, புகைபிடிக்கும் ஆண்களின் ரத்தத்தில் அது சற்றுக் கூடுதலாகவே இருப்பதைப் பல மக்கள்தொகை ஆய்வுகள் கண்டுள்ளன. எலி ஆய்வை அப்படியே மனிதருக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. ஹார்மோன் கூடுதலாக இருப்பதால் விந்தணுவின் தரமும் நன்றாக இருக்கும் என்று பொருளில்லை.

விந்தணு குறைந்த எலிகள் குட்டி ஈன வைக்கவில்லையா?

பல சோதனைகளில் வைத்தன. சில எலி, சுண்டெலி இனங்களில் விந்தணு உற்பத்தி 90 சதவீதம் வரை குறைந்தாலும் இனப்பெருக்கத் திறன் கெடாமல் இருக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1996-ம் ஆண்டு வழிகாட்டுதல் குறிப்பிடுகிறது. மனிதரிடம் இந்த உபரி மிகக் குறைவு.

அப்படியானால் 'எலிக்குக் குட்டி பிறந்தது, எனவே ஆபத்தில்லை' என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. எலியில் சிறிதாகத் தெரியும் எண்ணிக்கைக் குறைவு, ஏற்கெனவே விளிம்பில் உள்ள ஆணுக்குப் பெரிய இழப்பாகலாம். குட்டிகளின் எண்ணிக்கை மட்டுமே அளக்கப்பட்ட ஆய்வில் 'பாதிப்பில்லை' என்ற முடிவு வந்தால், விந்தணு தனியாகச் சோதிக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும்.

தந்தை எலி நிக்கோடின் எடுத்தால் பேரக்குட்டி வரை பாதிக்குமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், ஆண் சுண்டெலிகளுக்கு 12 வாரம் குடிநீரில் நிக்கோடின் கலந்து கொடுக்கப்பட்டது. நிக்கோடின் படாத பெண் சுண்டெலிகளுடன் சேர்ந்து அவை ஈன்ற குட்டிகளிடம் மிகைச் சுறுசுறுப்பும் கவனக்குறைவும் காணப்பட்டன. அடுத்த தலைமுறையிலும் சில நடத்தை மாற்றங்கள் தென்பட்டன. இதில் கொடுக்கப்பட்டது நிக்கோடின் மட்டுமே, புகை அல்ல.

மனிதர்களிடம் உறுதியாகத் தெரிந்தது என்ன?

20 ஆய்வுகளைச் சேர்ந்த 5,865 ஆண்களின் விவரங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான பகுப்பாய்வு, புகைபிடிப்பவர்களிடம் விந்தணு எண்ணிக்கை, நகரும் திறன், இயல்பான வடிவமுள்ளவற்றின் விகிதம் ஆகிய மூன்றும் குறைவாக இருப்பதாகக் கூறுகிறது. ஆண்கள் புகைபிடிப்பதற்கும் விந்தணுவின் டிஎன்ஏ சேதத்துக்கும் தொடர்பு இருப்பதற்கு ஒத்திசைவான ஆதாரம் உள்ளது என்பது அமெரிக்க சர்ஜன் ஜெனரலின் 2010-ம் ஆண்டு அறிக்கையின் முடிவு. விறைப்புக் குறைபாட்டுக்குப் புகைபிடித்தல் காரணம் என்பதை அவரது 2014-ம் ஆண்டு அறிக்கை ஏற்றுக்கொண்டது.

புகைபிடிக்கும் எத்தனையோ பேருக்குக் குழந்தைகள் இருக்கின்றனவே?

புகைபிடித்தால் மலட்டுத்தன்மை வந்தே தீரும் என்று எந்த ஆய்வும் கூறவில்லை. சராசரி எண்ணிக்கை குறைகிறது என்பதே கண்டறிந்தது. தொடக்கத்திலேயே எண்ணிக்கை அதிகமுள்ளவர் குறைந்த பிறகும் இயல்பு எல்லைக்குள் இருப்பார். மனைவியின் வயது, உடல்நிலை ஆகியவையும் கருத்தரிப்பைத் தீர்மானிக்கின்றன.

பீடி, மெல்லும் புகையிலை, மின் சிகரெட் ஆகியவற்றுக்கும் இது பொருந்துமா?

2016-17-ம் ஆண்டு தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் 7.7 சதவீதம் பேர் பீடியும் 4 சதவீதம் பேர் சிகரெட்டும் பிடிக்கின்றனர். ஆனால் விலங்கு ஆய்வுகளில் பெரும்பாலானவை சிகரெட்டைப் பற்றியவை. சிகரெட்டைவிட பீடியில் நிக்கோடின், தார், கார்பன் மோனாக்சைடு ஆகியவை அதிகம் வெளிப்படுவதால் அது பாதுகாப்பானது என்று கருத இடமில்லை. குழந்தையின்மைக்காகப் பரிசோதனைக்கு வந்த, புகையிலை மெல்லும் 638 இந்திய ஆண்களிடம் நடத்தப்பட்டு 2005-ல் வெளியான ஆய்வில், மெல்லும் அளவு கூடக் கூட விந்தணுத் தரம் குறைந்தது. மின் சிகரெட்டில் எரிபுகை இல்லை, நிக்கோடின் உண்டு. இந்தியாவில் அதை விற்றால் 2019-ம் ஆண்டுச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

நிறுத்தினால் மீண்டும் சரியாகுமா?

நைஜீரிய ஆய்வாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வில், 30 நாள் நிக்கோடின் கொடுக்கப்பட்ட எலிகளின் விந்தணு எண்ணிக்கையும் நகர்வும் குறைந்தன. நிறுத்திய 30 நாளில் நிலை மேம்பட்டது. மனிதருக்கு ஒரு சுழற்சியே இரண்டரை மாதம் என்பதால், நிறுத்திய ஏறத்தாழ 3 மாதத்துக்குப் பிறகு எடுக்கும் பரிசோதனையில்தான் மாற்றம் தெரியும். எண்ணிக்கை மீள்வதும் டிஎன்ஏ மீள்வதும் ஒன்றல்ல: ஸ்டெம் செல்லில் ஏற்கெனவே பதிந்த மாற்றம் புகையை நிறுத்துவதால் அழியாது, புதிதாகச் சேர்வது நிற்கும்.

வைட்டமின் மாத்திரை சாப்பிட்டால் புகையின் பாதிப்பைத் தடுக்கலாமா?

வைட்டமின் சி, வைட்டமின் இ ஆகியவற்றைப் புகையுடன் சேர்த்துக் கொடுத்த எலிகளில் பாதிப்பு ஓரளவு குறைந்ததாக ஆய்வுகள் உள்ளன. விளம்பரங்கள் இவற்றையே சுட்டுகின்றன. ஆனால் அமெரிக்காவில் குழந்தையின்மைச் சிகிச்சைக்கு வந்த தம்பதிகளில் 2,370 ஆண்களிடம் நடத்தப்பட்டு 2020-ல் வெளியான சோதனையில், ஃபோலிக் அமிலம் 5 மில்லி கிராம், துத்தநாகம் 30 மில்லி கிராம் என 6 மாதம் கொடுத்தும் விந்துத் தரமோ குழந்தைப் பிறப்பு விகிதமோ கூடவில்லை. அவர்கள் அனைவரும் புகைபிடிப்பவர்கள் அல்லர். இருந்தும், எலியில் பலன் தந்த வகை மாத்திரை மனிதருக்கும் தரும் என்ற வாதம் இதனால் பலவீனமாகிறது.

விலங்குகளிடம் இத்தகைய சோதனைக்கு இந்தியாவில் அனுமதி உண்டா?

உண்டு, ஆனால் நிபந்தனைகளுடன். 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அமைந்த மத்தியக் குழுவிடம் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். எலி போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஒப்புதல் தர வேண்டும். எத்தனை விலங்குகள், ஏன் அத்தனை என்பதற்கு விண்ணப்பத்திலேயே காரணம் கூற வேண்டும்.

விந்துப் பரிசோதனை யாருக்கு, எப்போது தேவை?

கருத்தடை இன்றி 12 மாதம் ஆகியும் கருத்தரிக்காத தம்பதியினர் பரிசோதனைக்குச் செல்லலாம். மனைவி 35 வயதைக் கடந்திருந்தால் 6 மாதத்திலேயே செல்வது நல்லது. மாதிரி கொடுப்பதற்கு முன் 2 முதல் 7 நாள் வரை விந்து வெளியேற்றாமல் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021-ம் ஆண்டுக் கையேட்டின்படி இயல்பின் கீழ் எல்லை: ஒரு மில்லி லிட்டருக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த நகரும் திறன் 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இந்த எல்லைக்குக் கீழே இருப்பது மட்டுமே மலட்டுத்தன்மைக்குச் சான்று ஆகாது.

புகைபிடிப்பதை நிறுத்த உதவி எங்கே கிடைக்கும்?

மத்திய அரசின் தேசியப் புகையிலை நிறுத்த உதவி மையத்தை 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தொடர்புகொள்ளலாம். 2018 செப்டம்பர் 1 முதல் சிகரெட், பீடி உள்ளிட்ட புகையிலைப் பொருள்களின் உறைகளிலும் இந்த எண் அச்சிடப்படுகிறது.